தூரம் ஒன்று, வழிகள் மூன்று: ஹெல்சிங்கி – டோக்கியோ வான்பயணம்

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் விமான நிலையத்திற்கும் டோக்கியோவை அடுத்துள்ள நரிடா விமான நிலையத்திற்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். பூமியுருண்டையின் பரப்பில் இவ்விரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் அது. உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக அக்கோடு அமைவதால் அதனைப் பெருவட்டப் பாதை என்பர். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே அளவுகோலை வைத்துக் கோடிழுத்தால், அது தென்கிழக்காக இறங்கிக் கசகஸ்தானையும் மங்கோலியாவையும் கடக்கும். உலக உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்தாலோ, அந்த நூல் வடகிழக்காகப் புறப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி ஏறி, பின்னர் சைபீரியாவின் மேலாகத் தெற்கே இறங்கி ஜப்பானை அடையும். கிழக்கே போக வேண்டிய பயணி முதலில் வடக்கே ஏற வேண்டியிருப்பதன் காரணம் பூமியின் உருண்டை வடிவமே.

அந்த நூல் படியும் நிலத்தின் பெரும்பகுதி ருஷ்யாவுக்கு உரியது என்பதிலிருந்துதான் இவ்வழித்தடத்தின் வரலாறு தொடங்குகிறது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனியுரிமை கொண்ட இறையாண்மை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. எனவே கால அட்டவணைப்படி பறக்கும் அயல்நாட்டு விமானம் எதுவும் அந்நாட்டின் இசைவின்றி அதன் மேலே பறக்க இயலாது. தூரத்தை வடிவியல் கணித்துச் சொல்லிவிடுகிறது; வழியை அரசுகளே திறக்கின்றன, அடைக்கின்றன.

சோவியத் ஒன்றியத்தின் வான்வெளி பிற நாட்டு விமானங்களுக்கு மூடிக்கிடந்த காலத்தில், 1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்கு வடதுருவப் பகுதியைக் கடக்கும் சேவையைத் தொடங்கியது. அன்று அது துணிந்த செயல். பூமியின் காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கத் திசைகாட்டியின் ஊசி பயனற்றுப்போகும். தீர்க்கரேகைகள் யாவும் துருவத்தில் வந்து குவிவதால், நேராகப் பறக்கும் விமானத்தின் திசையளவுகூட நிமிடத்திற்கு நிமிடம் மாறிக்கொண்டேயிருக்கும். இதனைச் சமாளிக்க, வரைபடத்தின் மீது ஒன்றுக்கொன்று இணையான கற்பனைக் கோடுகளைக் கட்டங்களாக வரைந்து, சுழன்றபடியே தன் திசையை விடாது காக்கும் கைரோ கருவியின் துணையால் அக்கோடுகளைப் பின்பற்றி வழிகாணும் முறை கையாளப்பட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டலுக்குப் பழகிவிட்ட இன்றைய பயணிக்கு, அன்றைய விமான வழிகாட்டிகளின் திறமை எவ்வளவு பெரிது என்பது எளிதில் விளங்காது.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம், கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானத்தைக் கொண்டு, ஆங்கரேஜில்கூட இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேரடிச் சேவை தொடங்கியது. நார்வேயின் வடமுனை, ஸ்வால்பார்டு தீவுகள், வடதுருவம், பேரிங் நீரிணை, பசிபிக் கடல் என்று சோவியத் எல்லையைச் சுற்றி வளைந்த அந்தப் பயணத்திற்குச் சுமார் 13 மணி நேரம் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குச் சென்ற கொரிய விமானம் வழிவிலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் உயிரிழந்தனர். வான எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் உள்ள கோடன்று என்பதை உலகம் அன்று மிகக் கொடுமையான முறையில் அறிந்தது. ஜிபிஎஸ் வழிகாட்டலைக் குடிசார் விமானங்களும் பயன்படுத்தலாம் என்ற அமெரிக்க அறிவிப்பு அத்துயரை ஒட்டியே வந்தது.

பின்னர்ச் சோவியத் வானம் கட்டணத்தின் பேரில் மெல்லத் திறந்தது. சைபீரிய வழியில் பயணநேரம் ஏறத்தாழ ஒன்பதரை மணியாகச் சுருங்கியது. ஒரே விமானம் 24 மணி நேரத்திற்குள் ஆசிய நகரொன்றுக்குச் சென்று திரும்ப முடிந்ததால், ஐரோப்பாவின் வடகோடியிலிருந்த ஹெல்சிங்கி ஆசியப் பயணிகளின் மாறுமிடமாக வளர்ந்தது. அண்டை நாட்டின் இசைவு என்ற ஒன்றை நம்பி எழுந்த வளர்ச்சி அது.

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. நான்கே நாட்களில் ருஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் மாதத்தில் பின்ஏர் மீண்டும் வடதுருவத்தின் வழியே டோக்கியோவுக்குப் பறந்தது. தேவைக்கேற்பத் துருக்கி, காக்கசஸ், மத்திய ஆசியா, சீனா, கொரியா வழியாகச் செல்லும் தென்பாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. துருவவழி 11,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வதால், பயணநேரம் மீண்டும் 13 மணியைத் தொட்டது. எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றே பெரிதும் முடிவு செய்கிறது: மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்றோட்டம் டோக்கியோ செல்லும் விமானத்தைத் தள்ளிவிடும், திரும்பும் விமானத்தையோ எதிர்த்து நிற்கும் என்பதால், திரும்புகையில் துருவவழி பல நாட்களில் ஆதாயமாகிறது. ஆனால் இன்றைய ஏர்பஸ் ஏ350 இரண்டு இயந்திரங்களே கொண்டது. ஒன்று பழுதானால் குறித்த நேரத்திற்குள் சென்றடையக்கூடிய மாற்று விமான நிலையம் வழி நெடுக இருந்தாக வேண்டும் என்ற விதி அதற்கு உண்டு. மேலும், மைனஸ் 47 பாகையளவில் உறையத் தொடங்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் துருவ வானில் இடையறாது கவனிக்கின்றனர்.

தடைக்கு உட்படாத சீன விமானங்கள் இன்றும் சைபீரிய வழியிலேயே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. போரைத் தொடங்கியவர்களின் முடிவுக்கான விலையில் ஒரு பகுதியை எரிபொருளாகவும் புகையாகவும் மணி நேரங்களாகவும் செலுத்துவோர், அப்போரில் எந்தப் பங்குமற்ற பயணிகளும் விமான ஊழியர்களுமே. இவ்வழியில் பயணம் செய்ய எண்ணும் வாசகர், தூரக் கணக்கில் காணும் 7,800 கிலோமீட்டரை நம்பித் தம் அடுத்த ரயிலையோ விமானத்தையோ முன்பதிவு செய்யாமல், பயணநாளின் கால அட்டவணையில் உள்ள நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுவதே தக்கது.