புகல் அளிக்கும் திருப்புகலூர்

நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையில், வயல்களுக்கு நடுவே அமைதியாக அமைந்திருக்கிறது திருப்புகலூர். ‘புகல்’ என்றால் அடைக்கலம். அக்னி பகவான் தவமிருந்து அருள் பெற்ற தலமாதலால் இறைவனுக்கு அக்னிபுரீஸ்வரர் என்று திருநாமம். அம்பிகை கருந்தார்குழலி. கோயிலை அகழிபோல் சூழ்ந்து நிற்கிறது அக்னி தீர்த்தம். பாணாசுரன் பெயர்த்தெடுக்க முயன்றும் அசையாது சற்றே சாய்ந்து நின்றமையால், மூலவருக்குக் கோணப்பிரான் என்ற பெயரும் உண்டு.

வீடு கட்டத் தொடங்குவோர் இங்கு செங்கல் வைத்துப் பூஜித்து எடுத்துச் செல்வது இன்றும் தொடரும் வழக்கம். ஆனால் இருந்த வீட்டை விட்டுவிட்டுக் கடல் கடந்து செல்லவிருந்த ஒரு குடும்பமும் இவ்வூரை நாடி வந்தது.

சென்னையில் நாற்பதாண்டுகள் வாழ்ந்த முதியவரும் அவர் மனைவியும், மகன், மருமகள், பேரக்குழந்தைகள் இருவருடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர இருந்தனர். வீடு விலை பேசி முடிந்துவிட்டது. வெண்கலப் பானையும் அருக்கஞ்சட்டியும் உறவினர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. விசா, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கு என்று மூன்று மாதங்கள் ஓய்வின்றி அலைந்த களைப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது. புறப்படுவதற்கு முன் ஐந்து நாட்கள் எங்கேனும் அமைதியாக இருக்க விரும்பி, திருப்புகலூரில் உறவினர் ஒருவரின் ஓட்டு வீட்டில் வந்து தங்கினர்.

மாசி மாதம். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பசுமையாக முளைத்திருந்தது. விடியற்காலையில் கோயில் மணி ஓசையைத் தவிர வேறு ஒலி இல்லை. முதல் இரண்டு நாட்கள் மகன் கைபேசியும் கையுமாகவே இருந்தார். மூன்றாம் நாள் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் குளக்கரைக்குச் சென்றார். பாட்டி வாசலில் பெரிய கோலம் போட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடமே இருந்ததில்லை.

முதியவருக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. மகனிடம் சொல்லாத கவலை ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. காவிரி நீரருந்தி வளர்ந்த உடல் முன்பின் அறியாத மண்ணில் அல்லவா முடியப்போகிறது என்பதே அது.

மாலை வேளைகளில் கோயில் மண்டபத்தில் திருமுறை ஓதும் பெரியவர் ஒருவரிடம் அதை மெல்லச் சொன்னார். பெரியவர் உடனே மறுமொழி கூறவில்லை. அப்பர் சன்னதிக்கு அழைத்துச் சென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஐயா, சுவாமிகள் பிறந்த ஊர் எது?”

“திருவாமூர்.”

“பண்ணுருட்டிப் பக்கத்து ஊர். அங்கே பிறந்து, ஊர் ஊராக நடந்து, எண்பத்தோராம் வயதில் சித்திரைச் சதயத்தன்று இங்கே இறைவனடி சேர்ந்தார். வந்த ஊரில்தான் அவருக்குப் புகல் கிடைத்தது. சரி, இந்த ஊரிலேயே பிறந்த முருக நாயனாரைப் பாருங்கள். நாள்தோறும் பூப்பறித்து மாலை தொடுத்து, உள்ளேயிருக்கும் வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தி வாழ்ந்தவர். சம்பந்தரும் அப்பரும் அவர் திருமடத்தில் தங்கியிருக்கிறார்கள். அவர் முக்தி பெற்றது எங்கே? கொள்ளிடக்கரைப் பக்கம் நல்லூர்ப் பெருமணத்தில், சம்பந்தர் திருமணத்தில். வெளியூரார் இங்கே கரையேறினார். உள்ளூரார் அங்கே கரையேறினார். இறைவன் ஊரையா பார்க்கிறான்?”

முதியவர் நெடுநேரம் சன்னதியிலேயே நின்றார்.

பொருள் தேடிப் புறப்படும் மகனுக்கும் இத்தலம் சொல்லும் செய்தி உண்டு. திருவாரூரில் பங்குனி உத்திரத் திருவிழாவுக்குப் பொன் வேண்டிச் சுந்தரர் இங்கு வந்தார். களைப்பு மிகவே, திருப்பணிக்காகக் கொணர்ந்திருந்த செங்கற்களைத் தலைக்கு அடுக்கி, மேலாடையை விரித்துத் துயின்றார். விழித்தபோது அவை பொற்கட்டிகளாக மாறியிருந்தன. அதே கோயிலில் அப்பர் உழவாரத்தால் புல் செதுக்குகையில், பொன்னும் நவமணிகளும் மண்ணில் மின்னின. அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். கேட்டவருக்குப் பொன் தந்தவனும் அவனே. வேண்டாதவரின் மன உறுதியை உலகறியச் செய்தவனும் அவனே. பொருள் தேடுவது குற்றமன்று. சுந்தரர் தேடியது அடியவர்க்கும் திருவிழாவுக்கும் ஆயிற்று என்பதை மறவாமல் இருந்தால் போதும்.

சுந்தரரின் துயிலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொன் கிடைக்குமா என்று அவர் விழித்திருந்து கவலைப்படவில்லை. கேட்க வேண்டியவனிடம் வந்து சேர்ந்தபின் கல்லையே தலையணையாக்கிக் கண்ணயர்ந்தார். பாரத்தை ஒப்படைத்தவருக்கே அத்தகைய உறக்கம் வாய்க்கும்.

அன்றிரவு முதியவர் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தார். பொழுது விடியும்வரை விழிக்கவில்லை. மறுநாள் பேத்தி, “தாத்தா, அந்த ஊரிலும் சுவாமி இருப்பாரா?” என்று கேட்டாள். “நாம் கூப்பிட்டால் இருப்பார் அம்மா” என்றார். கோயிலுள் பூதேஸ்வரர், வர்த்தமானேஸ்வரர், பவிஷ்யேஸ்வரர் என மூன்று காலங்களுக்கும் உரிய சன்னதிகள் உள்ளன. ஐந்தாம் நாள் குடும்பத்தார் மூன்றிலும் விளக்கேற்றினர். பவிஷ்யேஸ்வரர் முன் விளக்கை ஏற்றியவள் பேத்தி. புறப்படும்போது பாட்டி சிறிய திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

திருப்புகலூருக்கு நன்னிலத்திலிருந்து சாலை வழியாகச் செல்லலாம். மயிலாடுதுறை - திருவாரூர் ரயில் பாதையில் நன்னிலம் நிலையம் உள்ளது. அருகிலேயே சௌரிராஜப் பெருமாள் எழுந்தருளியுள்ள திருக்கண்ணபுரமும், சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியும் இருக்கின்றன. அவசரமாக வந்து தரிசித்துத் திரும்பாமல், இரண்டு நாட்களாவது தங்கி வழிபடுவது நலம். சித்திரைச் சதயத்தில் அப்பர் பெருமானின் குருபூஜை இங்கு சிறப்பாக நடைபெறும்.

இருப்போருக்கும் செல்வோருக்கும் கோணப்பிரான் துணையிருப்பானாக.