கிளெமென்டினத்துச் சூரியக் கடிகாரங்கள்

பிராக் நகரில் சார்லஸ் பாலத்தைக் கடந்து பழைய நகரத்துக்குள் கால் வைத்ததும் எதிரே நிற்பது கிளெமென்டினம். நம் வீரமாமுனிவர் இருந்த அதே இயேசு சபையினர் 1556-இல் பிராகுக்கு வந்து வளர்த்தெடுத்த கல்லூரி. இன்று செக் நாட்டின் தேசிய நூலகம். வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே பரோக் நூலகக் கூடத்துக்கு விரைகிறார்கள். கூடம் அழகுதான். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியவை, முற்றத்துச் சுவர்களில் தீட்டியிருக்கும் சூரியக் கடிகாரங்கள்.

சுண்ணச் சாந்தின் மேல் வண்ணம். சுவரிலிருந்து ஓர் இரும்புக் கம்பி சாய்வாக நீட்டி நிற்கிறது. அதன் அடியிலிருந்து கோடுகள் விசிறிபோல் விரிகின்றன. ஓரத்தில் மணி எண்கள். கம்பியின் சாய்வில் கணக்கு இருக்கிறது. அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். பிராக் 50 பாகை அட்சரேகையில் இருப்பதால், தெற்குப் பார்த்த சுவரோடு கம்பி 40 பாகைக் கோணம் வைக்கும். காலையில் நிழல் இடப்பக்கம், உச்சியில் நேர் கீழே, பிற்பகலில் வலப்பக்கம். கைக்கடிகார முள்ளுக்கு நேர் எதிர்த்திசை. சுவர் சற்றே கிழக்கிலோ மேற்கிலோ திரும்பியிருந்தால் மற்றக் கோடுகளின் இடைவெளியெல்லாம் மாறிவிடும். 12 மணிக் கோடு மட்டும் செங்குத்தாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் புதிதாகக் கணக்குப் போட்டுத்தான் வரைந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கு இயேசு சபையினருக்குக் கைவந்தது. கிரகோரியன் நாட்காட்டியை வகுத்ததில் முக்கியப் பங்காற்றிய கிறிஸ்டோபர் கிளேவியஸ் இந்தச் சபைக்காரர்தான். சூரியக் கடிகாரக் கலைக்கென்றே 1581-இல் பெரிய நூல் வெளியிட்டவர். கிளெமென்டினத்தின் வானியல் கோபுரத்திலும் ஓர் இருட்டறை உண்டு. சுவர்த் துளை வழியாக விழும் ஒளி, தரையில் இழுத்துக் கட்டிய நூலைத் தொட்டால் நண்பகல். 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்துக் கோபுரத்திலிருந்து கொடி அசைப்பார்கள். ஊரே கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். இறைப்பணிக்கு வந்தவர்கள் வெயிலை இவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்பது எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது.

பிராக் போகிறவர்கள் வெயில் நாளாகப் பார்த்து முற்றங்களில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் நிழல் 12-ஐத் தொடுவதைக் காண, பகல் ஒரு மணிக்குப் போனால் சரியாக இருக்கும்.