சுண்டுவிரல் நுனியளவு சுடர்

2016 டிசம்பர் 12. வர்தா புயலில் போன கரண்ட் எங்கள் மயிலாப்பூர் தெருவுக்கு நான்காம் நாள்தான் திரும்பியது. இரண்டாம் நாளே இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி இன்சுலின் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "உங்க ஃபிரிட்ஜ்ல இன்னும் சில்லுனு இருக்கா?" என்றார். இல்லை. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் தெர்மோகோல் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸ் அள்ளித் தந்தார். "மருந்துக்குத்தானே தம்பி" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து கரண்ட் இல்லாத குளிரைப் பற்றி எது கிடைத்தாலும் எழுதி வைக்கிறேன்.

*

அத்தை மகன் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கேரவன் வைத்திருக்கிறான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் படப்பிடிப்பு வண்டி என்று பொருள். பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும். அவன் வண்டி காட்டுக்குள் நின்றது, ஒரு சத்தமும் இல்லை. வெளிப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து காட்டினான். சுண்டுவிரல் நுனியளவு நீலச் சுடர். அதற்கு மறுபக்கம் பாலும் வெண்ணெயும் குளிர்ந்துகொண்டிருந்தன. புரொப்பேன் சிலிண்டரைத் தவிர வேறு இணைப்பே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

*

வேலை செய்யும் விதம்: குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். சுடர் பட்டதும் தண்ணீரில் கரைந்திருந்த அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. பின்புறத் தகடுகளில் சூட்டை விட்டுத் திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கியதும் மறுபடி ஆவியாகிறது. அதற்கு வேண்டிய சூட்டைப் பெட்டிக்குள் இருக்கும் பாலிடமும் தயிரிடமும் பிடுங்கிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மீண்டும் சுடருக்கு. மோட்டார் கிடையாது; பால் பொங்கி ஏறுவதுபோலக் கொதிக்கும் குமிழிகளே கரைசலைத் தூக்கிவிடுகின்றன. 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது. ஐன்ஸ்டீனும் சிலார்டும்கூட அசையும் பாகமே இல்லாத ஒரு ஃபிரிட்ஜுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள்.

*

தி.நகரில் ஒரு கடையில் "கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டேன். "கேஸ் ஏத்தணுமா சார்?" என்றார் கடைக்காரர். அவர்மேல் தவறில்லை. கரண்ட் ஃபிரிட்ஜுக்குள் சுற்றும் குளிர்பதன வாயுவையும் நாம் 'கேஸ்' என்றுதான் சொல்கிறோம். புது ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் அடுப்பு கேஸுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் அது அங்கே எரிவதில்லை.

*

கணக்கு. நூறு லிட்டர் கேஸ் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் எரிக்கும். எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாள் வருகிறது, அதாவது நாளுக்கு 355 கிராம். ஆக, இன்னொரு சமையலறைக்கே கேஸ் வேண்டும். 300 கிராமின் வெப்பம் கிட்டத்தட்ட நான்கு யூனிட் மின்சாரம். அதே அளவு கரண்ட் ஃபிரிட்ஜுக்கு ஒரு யூனிட்டே அதிகம். கேஸ் எரியும் சூடு முழுவதும் வீட்டுக்குள்தான் இறங்கும்.

சென்னைக்குப் பெரிய தடை வெயில். சாதாரண மாடல்கள் 32 டிகிரி தாண்டினாலே திணறும். அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது மாடி அடுக்களையில் என்ன செய்யும்? ஏலகிரியில், கொல்லிமலையில் கூடாரம் போடுகிறவர்களுக்கு நன்றாக உழைக்கும். ஆனால் சாய்வில் வைத்தால் கரைசல் ஓரிடத்தில் தேங்கிக் குளிர் நின்றுவிடும். மட்டம் பார்த்தே வைக்க வேண்டும்.

இன்னொன்று, காற்றோட்டம். சுடர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே இல்லை. கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். புயலுக்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு உட்காரும் வீட்டில் இந்தப் பெட்டியை வைக்க எனக்குத் துணிவில்லை. வெள்ளத்தில் நிறை சிலிண்டரும் மிதக்கும். 2015இல் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்ததை நினைத்தாலே போதும்.

*

ஐஸ் ஹவுஸ் வழியாக நடந்தேன். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி இங்கே வைத்திருந்தது. 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிஞ்சியது. பின்னாளில் பிலிகிரி ஐயங்கார் வீடாகி, 1897இல் விவேகானந்தர் தங்கிய கட்டடம் இந்த ஐஸ் ஹவுஸ்தான். எனக்கு அந்த மரத்தூள்தான் மனதில் நிற்கிறது. குளிரை உண்டாக்க முடியாத இடத்தில் இருக்கிற குளிரைக் காப்பாற்றினார்கள்.

*

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நுங்கம்பாக்கம் வானிலை மையம் எச்சரிக்கை விட்டதுமே ஆறு பாட்டில் தண்ணீரை உறையவைத்தேன். தெர்மோகோல் பெட்டி, பழைய போர்வை, நடுவில் டப்பாவுக்குள் மாமியின் குப்பி. இன்சுலின் ஐஸைத் தொடக்கூடாது, உறைந்தால் வீணாகிவிடும். அதனால் துணி இரண்டு சுற்று. ஒரு தெர்மாமீட்டரும் போட்டேன்.

கரண்ட் போன மூன்றாம் நாள் காலை 9 டிகிரி. மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லும் எண்ணை மட்டும் கேட்டுக் காலண்டரில் எழுதிக்கொண்டார்.