அண்ணன் விட்டுப் போன வண்டி

ஒரு மனிதர் காலமானால் அவர் விட்டுப் போன நிலத்தைப் பங்கு போடுவது சுலபம். அளந்து கல் நட்டுவிடலாம். நகைகளை நிறுத்துப் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பங்கு போட எந்த வக்கீலாலும் முடியாது. என் அண்ணன் விட்டுப் போன 1968-ம் வருஷத்து ஜாவாவினால் சென்ற வருஷம் எங்கள் குடும்பத்துக்கு வந்த சங்கடம் அதுதான். அதைப் பளபளவென்று புதுப்பித்துக் கூடத்தில் நிறுத்துவதா, அல்லது மண் பாதைப் பந்தயத்தில் ஓட விடுவதா என்பதே வழக்கு.

வழக்குக்கு வருமுன் பொருளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செக்கோஸ்லோவாகியாவின் ப்ராக் நகரத்தில் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்த யானெச்செக் என்பவர், ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை 1929-ல் வாங்கினார். அந்த இரண்டு பெயர்களின் தலைப்பகுதிகளையும் சேர்த்துப் பிறந்ததுதான் 'ஜாவா'. வாண்டரர் என்றால் ஊர்சுற்றி என்று அர்த்தம். ஆக, பெயரில் பாதி ஊர்சுற்றி. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இந்த வண்டியைச் செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் 'யெஸ்டி' என்று பெயர் மாறி, 1996-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது. 2018-ல் ஜாவா என்ற பெயரும், 2022-ல் யெஸ்டி என்ற பெயரும் மறுபடி கடைக்கு வந்தன. ஆனால் வந்தவை நாலு ஸ்ட்ரோக் வண்டிகள். பெயர் பழையதே தவிர குரல் வேறு.

பழைய ஜாவாவிடம் சில விசித்திர குணங்கள் உண்டு. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர். கியர் போடும் கம்பியும் கிக்கரும் ஒன்றே. கம்பியை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், கீழே விட்டால் கியர். இந்த ரகசியம் தெரியாதவர் கிக்கரைத் தேடிக்கொண்டு வண்டியைப் பிரதட்சிணம் செய்வதை நான் பல முறை பார்த்து ரசித்திருக்கிறேன். வண்டி திருடனிடமிருந்து தப்புவதற்கு இதைவிடச் சிறந்த பூட்டு இல்லை என்பது அண்ணன் கட்சி.

எஞ்சின் டூ-ஸ்ட்ரோக். வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல்கள் வெட்டியிருக்கும். பிஸ்டனே மேலும் கீழும் போய் அவற்றைத் திறந்து மூடும். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூட்டில் இறுகிச் சிலிண்டரைக் கீறிவிடும். சிலிண்டரின் விட்டம் 65 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர், திறன் சுமார் 12 குதிரை. இந்த 65 என்ற எண்ணை மட்டும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வழக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

அண்ணன் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவை நல்ல சாலை. தோட்டத்துக்குள் இருந்தவை சாலைகளே அல்ல. மழை பெய்தால் ஓடை, வெயில் அடித்தால் கல் குவியல். அந்தத் தடங்களில் அண்ணன் முப்பது வருஷம் இந்த வண்டியை ஓட்டினார். ஜாவாவின் முன் மட்கார்டு சக்கரத்தை ஆழமாகப் போர்த்தியிருக்கும். பட்டணத்துக்கு அது அழகு. வால்பாறைச் சேறோ அதற்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். வாங்கிய இரண்டாம் மழைக்காலத்திலேயே அண்ணன் மட்கார்டை வாளால் அறுத்துக் குறைத்துவிட்டார். ஹாண்டில் பாரை அகலமாக மாற்றினார். பெட்ரோல் டாங்கின் இடது பக்கத்தில் ஒரு நசுக்கல். கருங்கல் ஒன்றோடு நடந்த சந்திப்பின் அடையாளம். டூல் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய எழுத்துக்கள்: எந்த வருஷம் ரிங் மாற்றினார், எப்போது ரீபோர் செய்தார் என்று ஒரு சிறு சரித்திரம். அண்ணன் டயரி எழுதியவர் அல்ல. அவர் கைப்பட எழுதியதில் மிஞ்சியிருப்பது அநேகமாக அந்த மூடிதான்.

இனி, கட்சிக்காரர்கள். அண்ணன் மகனுக்கு ஐம்பது வயது. கோயமுத்தூரில் புது வீடு கட்டியிருக்கிறான். வண்டியை முழுக்கக் கழற்றி, துருவை நீக்கி, மெரூன் நிறம் அடித்து, டாங்கின் பக்கங்களுக்குக் குரோம் பூசி, தந்த நிறத்தில் கோடு இழுத்து, மைசூரிலிருந்து அன்றுதான் இறங்கியது போல் ஹாலில் நிறுத்த வேண்டும் என்பது அவன் ஆசை.

"ஒரு தடவை விழுந்தால் போச்சு, சித்தப்பா. அப்பா ஞாபகமாக இருக்கிறது இது ஒன்றுதான்" என்றான்.

எதிர்க்கட்சி அவன் பெற்ற பிள்ளை, இருபது வயது. ஊருக்கு வெளியே நடக்கும் மண் பாதைப் போட்டியில் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு பிரிவு இருக்கிறதாம். அதில் தாத்தாவின் வண்டியை ஓட்ட வேண்டுமாம்.

"சின்னத் தாத்தா, ஹாலில் நிறுத்துவதற்காகவா தாத்தா இதை வாங்கினார்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியாத கேள்விகளை இந்த வயதுப் பிள்ளைகள் எங்கிருந்துதான் கண்டுபிடிக்கிறார்களோ!

அண்ணி இருவரையும் பார்த்தார். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, தம்பி. நான் யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தன் சாப்பிட மாட்டான்" என்று வழக்கை என் தலையில் வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, விஷயம் தெரிந்தவரிடம் போவது. பொள்ளாச்சியில் இந்த வண்டியைப் பல வருஷங்கள் பார்த்துவந்த கிழ மெக்கானிக் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் சிலிண்டரைக் கழற்றி அளந்தார். 65.75.

இதன் அர்த்தம் இது: சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அண்ணன் மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறார். மூடியில் கீறிய எழுத்துக்களும் மூன்று என்றே சாட்சி சொல்லின. மேலும் ஓரிரு தடவை கடையலாம். அப்புறம் சுவர் தாங்காது. புதிதாகக் குழாய் போட வேண்டும். பந்தயம் ஓட்டுவதென்றால் தேய்மானம் மட்டுமல்ல. புகை வெளியேறும் ஜன்னலின் மேல் விளிம்பை அரத்தால் உயர்த்த வேண்டியிருக்கும். அப்படி உயர்த்தினால் வேகமான சுற்றில் சக்தி கூடும். மெதுவான சுற்றில் இழுவை குறையும். மூட்டை கட்டிக்கொண்டு மேடு ஏறிய அந்த எஞ்சினின் சுபாவமே மாறிவிடும். அரத்தால் ராவியதைத் திரும்ப ஒட்டவைக்க எவராலும் ஆகாது.

இதைக் கேட்டதும் அண்ணன் மகன் ஜெயித்துவிட்டது போல் என்னைப் பார்த்தான். ஆனால் மெக்கானிக் நிறுத்தவில்லை.

"பெயின்ட் வேலையும் அப்படித்தாங்க. மணலடிச்சுத் துருவை எடுத்தா இந்த மூடியில இருக்கற எழுத்து போயிடும். டாங்கு நசுக்கலைத் தட்டி எடுத்து, பட்டி வெச்சு, புது மட்கார்டு மாட்டினா வண்டி அழகா நிக்கும். ஆனா அது பெரியவர் வண்டியா இருக்காது. கடையில வாங்கின வண்டியாத்தான் இருக்கும். ரேஸ் சிலிண்டரைத் தின்னும், ஷோ தோலைத் தின்னும். எதைத் தின்னலாம்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தக் கிழவர் சொன்னதைப் பற்றி நான் இரண்டு நாள் யோசித்தேன். புதுப்பிப்பது என்றால் காப்பாற்றுவது, பந்தயம் என்றால் அழிப்பது என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். பழைய கோயில் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து ஓவியங்களை மறைத்தவர்களும் அதைத் திருப்பணி என்றுதானே நினைத்துச் செய்தார்கள்? 'பழைய நிலைக்குக் கொண்டுவருவது' என்கிறோம். எந்தப் பழைய நிலை? 1968-ல் மைசூரில் இருந்த நிலையில் அதற்கு உரிமையாளரே கிடையாது. எங்களுக்கு உறவு ஏற்பட்டது அதற்குப் பின்னால் வந்த சேற்றிலும் கீறலிலும்தான்.

சர்க்காருக்கும் இதில் ஒரு வாசல் உண்டு. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதிகள் வந்தன. கட்டணம் 20,000 ரூபாய்; எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்ற காரியங்களுக்குத் தவிர அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. கௌரவமான பட்டம்தான். ஆனால், பட்டம் கொடுத்து வீட்டில் உட்கார வைக்கப்படும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் வண்டியின் பதிவை ஐந்து வருஷத்துக்கொரு முறை தவறாமல் புதுப்பித்து வந்தார். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

பந்தயம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சோழவரம். இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களை அண்ணனும் நானும் வெயிலில் நின்று பார்த்திருக்கிறோம். ஆனால் அண்ணன் அதைவிடப் பெரிதாகப் பேசியது, ஐரோப்பாவின் ஆறு நாள் சோதனைப் போட்டியைப் பற்றி. 1913-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் மலையும் காடுமாக ஆறு நாள் ஓட்ட வேண்டும். ஐம்பதுகளில் ஜாவா வண்டிகளோடு செக்கோஸ்லோவாகியர்கள் பல முறை கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு விதி உண்டு: வழியில் வண்டி பழுதானால் ஓட்டுகிறவனே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும், பிறர் கை படக் கூடாது. "ஓட்டத் தெரிந்தவன் பாதி மனுஷன், கழற்றத் தெரிந்தவன்தான் முழு மனுஷன்" என்பார் அண்ணன்.

அந்த விதியை வைத்துத்தான் தீர்ப்பு எழுதினேன். திரும்பப் பெற முடிந்த காரியங்களை முதலில் செய்வோம். முடியாதவற்றைத் தொட வேண்டாம். காய்ந்துபோன ஆயில் சீல், பேரிங், கேபிள், டயர், பிரேக் ஷூ எல்லாம் மாறட்டும். இவை தேய்வதற்கென்றே பிறந்தவை. பெயின்ட்டைக் கழுவி மெழுகு தேய்க்கலாம், சுரண்டக் கூடாது. மூடியும் மட்கார்டும் நசுக்கலும் இருந்தபடியே இருக்கும். அண்ணனின் சிலிண்டரை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அண்ணியின் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பையன் பழைய சாமான் கடையில் வேறொரு சிலிண்டர் தேடிக்கொள்ளட்டும். அதை அவன் இஷ்டப்படி ராவிக்கொள்ளலாம். பந்தயம் போதுமென்றானபின் தாத்தாவின் சிலிண்டர் மறுபடி ஏறும். ஒரு நிபந்தனை: எஞ்சினை முழுக்கக் கழற்றி, கிழவரின் மேற்பார்வையில் தன் கையாலேயே சேர்த்து, ஒரு கிக்கில் கிளப்பிக் காட்டிய பிறகுதான் போட்டி. ஃப்ரேமில் விரிசல் இல்லை என்று அந்தக் கிழவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போட்டியும் இல்லை.

அண்ணன் மகனுக்குப் பாதி திருப்திதான். ஆனால், பந்தயம் இல்லாத நாட்களில் வண்டி அவன் ஹாலில், அதே நசுக்கலோடு நிற்கும் என்றதும் சம்மதித்தான். நசுக்கல் பட்ட தினத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த சிறுவன் அவன்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

பையன் நாலு மாசமாகச் சனிக்கிழமைதோறும் பொள்ளாச்சி போகிறான். நகத்திடுக்குக் கரி சோப்புக்குப் போவதில்லை என்று அண்ணி குறைப்படுகிறார். இதே குறையை அவர் முப்பது வருஷம் அண்ணனிடம் சொல்லிக் கேட்டவன் நான். போட்டியில் அவன் முதலாவதாக வருவானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரமாட்டான். 12 குதிரையை அரம் எவ்வளவு உயர்த்திவிடும்? நடுவழியில் வண்டி நின்றால், உட்கார்ந்து தானே சரிசெய்து கொண்டு, கடைசியாகவாவது வந்து சேருவான். எனக்கு அது போதும்.