செருப்பு போட்டுக்கொள்

எங்கள் வீட்டு கிரைண்டர் ஷாக் அடிக்கும். நொச்சிக்குப்பத்தில் கடலுக்கு எதிரே வீடு. உப்புக்காற்றில் சுவிட்சுக்குள் இருக்கும் செம்பிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். மாவு தள்ளும்போது விரலில் சுரீர் என்று இழுக்கும். அப்பாவிடம் சொன்னால், "செருப்பு போட்டுக்கினு தள்ளு" என்பார். அம்மா எனக்கும் அதையே சொல்லித் தந்தாள். மின்சாரம் கசிகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஈரக்காலோடு நின்றது எங்கள் தப்பு.

போன மார்கழியில் அம்மாவுக்காக இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் வாங்கினேன். நாற்பது வருடம் ஐஸில் மீன் அள்ளிய விரல்கள், இப்போது விடிகாலையில் மடங்குவதில்லை. வந்த எலக்ட்ரீஷியன் குளியலறை விளக்கு லைனிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார். என்னிடம் இல்லை, அண்ணனிடம். அண்ணனுக்கு பல்பு மாற்றவும் பயம்.

தனி லைன் வேண்டும் என்றேன். இரண்டரை ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி, தனியாக 16 ஆம்பியர் எம்சிபி, கூடவே எர்த். அவர் டிபி பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆர்சிசிபி இருந்தது, ஆனால் கம்பிகள் அதைத் தொடாமல் சுற்றிப் போயிருந்தன.

"இது சும்மா சும்மா வுழுந்துனு இருந்துச்சு. டிவி பாக்க முடியல. நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றான் அண்ணன்.

எம்சிபி காப்பது கம்பியை. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அதற்குக் கோபம் வரும். ஆர்சிசிபி பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பியதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழும். அந்தக் குறைச்சல் யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போயிருக்கலாம். இரண்டு அளவுக்கும் ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அம்மாவும் நானும் இந்த இடைவெளிக்குள்தான் இத்தனை நாள் மாவரைத்திருக்கிறோம்.

புது லைன் போடுவது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. இந்தத் தொழிலுக்கான ஓர் அரசுத் தேர்வின் பெயர் 'மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு'. 'ஆள்' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது என்று வகுப்பில் சொல்கிறேன். எங்கள் மாடிப்படியில் டெஸ்டரோடு ஏறி வந்த பெண்ணை இன்னும் பார்த்ததில்லை.

மறுநாள் உரிமம் உள்ள இன்னொருவர் வந்தார். மெயினை அணைத்தார். அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும் என்று சொல்லி, விரல் வைக்குமுன் ஒவ்வொன்றையும் சோதித்தார். களிம்பேறிய முனைகளை வெட்டிப் புதிதாகச் சீவினார். புது லைனின் பேஸையும் நியூட்ரலையும் ஆர்சிசிபிக்குப் பின்னால் சேர்த்தார். நியூட்ரல் மட்டும் முன்னால் போனால் ஹீட்டர் போட்டதுமே விழும், இரண்டுமே முன்னால் போனால் விழவே விழாது என்றார். இதையெல்லாம் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் 'டி' என்று எழுதிய பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னார். டப்பென்று வீடு இருண்டது. "மாசம் ஒருவாட்டி அழுத்துங்க ஆயா. விழலைன்னா என்னைக் கூப்பிடுங்க."

ஹீட்டர் சரியாக வேலை செய்தது. கிரைண்டரைப் போட்டோம், ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி தூக்கினோம், மறுபடி விழுந்தது.

அண்ணன் என்னை முறைத்தான். அம்மா கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, "தூக்கினு போயி ரிப்பேர் பண்ணினு வா. அதுவரிக்கும் இட்லி கடையில வாங்கிக்கலாம்" என்றாள்.