கொட்டகையில் நின்ற கார்

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன், தம்பி இருவர். சொத்தைப் பாகம் பிரித்துப் பல வருடம் ஆகியும் இருவரின் வண்டிகளும் ஒரே களத்தில்தான் நிற்கும். அண்ணனுடையது 2007-ம் வருடத்துச் சின்னக் கார். 2014-ல் செகண்ட் ஹேண்டில் 1,10,000 ரூபாய்க்கு வாங்கியது. தம்பியுடையது 2010-ல் வாங்கிய குட்டியானை. ஊரில் பறிக்கும் தக்காளி, கத்திரி, முருங்கை எல்லாம் விடிவதற்குள் மார்க்கெட் போய்ச் சேருவது அந்தக் குட்டியானையில்தான்.

வருடம் தவறாமல் தம்பி எஃப்.சி. காட்டப் போவார். அதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டி பட்டறையில் ஏறிவிடும். பிரேக் லைனிங், கிரீஸ், விளக்கு, பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, கதவில் துருப்பிடித்த இடத்துக்கு பெயின்ட் என்று பத்துப் பதினைந்தாயிரம் கரையும். அண்ணன் சிரிப்பார். "நீ சம்பாதிக்கிறதுல பாதி பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவே போயிருது. எனக்குப் பாரு, ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத்தான் தகுதிச் சான்று. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவே 15 ஆண்டுகளுக்கு. அதுவரை இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் கையில் இருந்தால் போதும், காரின் அடியில் குனிந்து பார்க்க யாரும் வர மாட்டார்கள். 15 ஆண்டு முடிகிறபோது படிவம் 25 எழுதி, காரை ஆய்வாளர் முன்னால் நிறுத்தி, தேறினால் இன்னும் 5 ஆண்டு.

அண்ணனின் காருக்கு அந்த நாள் 2022 ஜூலையில் வந்தது.

முதல் அதிர்ச்சி கட்டணம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே வருடம் பிப்ரவரியில் தன் காரைப் புதுப்பித்தபோது 600 ரூபாய் கட்டியிருந்தார். ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. ஐந்து மாத வித்தியாசத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் இரண்டு நாள் புலம்பினார். ஆனால் கட்டணம் பெரிய விஷயமே இல்லை என்பது மைதானத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

காரைக் கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுபோயிருந்தார். மீட்டரில் 61,000 கிலோமீட்டர். "ஓடவே இல்ல சார், வீட்லதான் நிக்குது" என்று பெருமையாகச் சொன்னார். ஆய்வாளர் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பிரேக்கை மிதித்ததும் கார் இடது பக்கம் இழுத்தது. கைப் பிரேக்கைப் போட்டு நிறுத்தினால் சரிவில் மெதுவாக நகர்ந்தது. டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு. முகப்பு விளக்கில் ஒன்று வானத்தைப் பார்த்தது, இன்னொன்று மங்கல். கடைசியாகச் சேஸ் நம்பரைப் பென்சிலில் அச்செடுக்கப் போனால் பாதி எண்கள் துருவுக்குள் இருந்தன.

"எல்லாத்தையும் சரி பண்ணிக் கொண்டு வாங்க."

அதே மாதம் குட்டியானையும் எஃப்.சி.க்குப் போனது. 12 வயது வண்டி, 2,10,000 கிலோமீட்டர் ஓடியது, தினமும் பாரம் சுமப்பது. ஒரு குறையும் சொல்லாமல் முத்திரை விழுந்தது.

வெளியே டீக்கடையில் ஒருவர் அண்ணனிடம் வந்து பேச்சுக் கொடுத்தார். நாலு நல்ல டயர் வாடகைக்குத் தருவதாகவும், காட்டிவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பிரேக்கை அன்றைக்கு மட்டும் பிடிக்கிற மாதிரி முறுக்கி வைக்கவும் ஆள் இருந்தது. மொத்தம் 3,000 ரூபாயில் வேலை முடியும். அண்ணனுக்கு ஆசை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? முருங்கை விலை கிடந்த கிடைக்கு அவர் கையில் அப்போது காசே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "2016-ல நானும் அப்படித்தான்ணே பண்ணேன். வாடகை டயர் போட்டுக் காட்டிட்டு, மறுநாளே பழைய டயரை மாட்டிட்டேன். எட்டாம் நாள் தாராபுரம் ரோட்டுல பின் டயர் வெடிச்சுது. 40 பெட்டி தக்காளியும் ரோட்டுல. வண்டி பள்ளத்துல இறங்கி நின்னுது. டயர் பஞ்சர்னுதான் வீட்ல சொன்னேன்." அந்த வருடம் ஊர்க்காரர்கள் நாலு பேருக்குத் தக்காளிக் காசை அவர் கடன் வாங்கிக் கொடுத்தது ஏன் என்று அண்ணனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாள் கார் தம்பியின் பட்டறைக்குப் போனது. குழிமேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, தரையில் இருந்த மேட்டை உரித்தார்கள். பின் இருக்கைக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரை லேசாகக் குத்தினார் மெக்கானிக். அது தகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்துக் கார்கள் பாதி இப்படித்தான் கெடுகின்றன. கூட்டுறவு சங்கத்தில் வாங்கும் உர மூட்டையை டிக்கியில் போட்டு எடுத்து வருவது வழக்கம். மூட்டையின் தையலில் இருந்து ஒரு கைப்பிடி சிந்தினால் யாரும் கவனிப்பதில்லை. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. கொட்டகையில் சிந்திய பொட்டாஷ் காலையில் நசநசவென்று ஈரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து மேட்டுக்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்தால் எந்தத் தகரம் தாங்கும்? மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் சல்லடை.

கார் நின்ற இடம் வேறு மாட்டுக் கொட்டகையை ஒட்டியது. மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். விளக்கின் வயர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது அதுதான். அதே கொட்டகையில் நிலக்கடலை மூட்டையும் அடுக்கியிருந்ததால் எலிகளுக்கு இன்ஜின் பக்கம் குடியிருப்பு. மழையில் நனையக் கூடாது என்று பாசத்தோடு உள்ளே நிறுத்திய கார், வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஓடாமல் நிற்பதும் காருக்கு நல்லதில்லை. பின் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் அசையாமல் நின்றால் துருப்பிடித்து இறுகும். ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. அதனால்தான் மைதானத்தில் கார் இழுத்தது. பிரேக் ஆயிலும் அப்படி. அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும் எண்ணெய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரம் ஏறிய ஆயில், தொடர்ந்து பிரேக் மிதிக்கும் இறக்கங்களில் சூடாகிக் கொதித்தால் மிதி அப்படியே தரையில் போய் உட்காரும். அண்ணனின் காரில் இருந்ததை மெக்கானிக் டம்ளரில் ஊற்றிக் காட்டினார். கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது.

பிறகு முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்தார். கோடையில் வெடித்த கரிசல் மண் மாதிரி வாய் பிளந்தது.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது எப்ப வேணா விட்டிருக்குமா?"

"எப்ப வேணா."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மே மாதம் நடுராத்திரி ஒரு மணிக்கு வலி எடுத்த மகளைத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதே காரில்தான். பதினோரு நாள் கழித்துப் பிள்ளையும் தாயுமாக அழைத்து வந்ததும் அதில்தான். வரும் வழியில் ஆட்டுக்கிடை ஒன்று குறுக்கே வந்தபோது பலமாக மிதித்து நிறுத்தியது நினைவுக்கு வந்தது. நின்றது. அவ்வளவுதான்.

செலவுக் கணக்கு இப்படி வந்தது. நாலு டயர் 11,200. சிலிண்டர், ஹோஸ், லைனிங், பேடு, ஆயில் எல்லாம் சேர்த்து 3,950. கைப் பிரேக் கேபிள் 650. முகப்பு விளக்கு இரண்டும் 1,800. தரைத் தகரம் வெட்டி ஒட்டும் டிங்கர் வேலை 4,500. கூலி 3,000. ஆக 25,100 ரூபாய். விற்றால் 60,000-க்கு மேல் போகாத காருக்கு.

"ஏங்க, அந்தக் காசுக்கு நல்ல கெடேரிக் கன்னு ஒண்ணு வாங்கலாமே" என்றார் அவர் மனைவி. நியாயமான கேள்வி. காரை விற்றுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார்கள். வாங்கப் போகிறவர் அந்த ஹோஸோடு யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போவாரோ என்ற நினைப்பு ஒருபுறம். விற்றுவிட்டால் ராத்திரி அவசரத்துக்கு வண்டி இல்லை என்பது மறுபுறம். கடைசியில் இரண்டு வெள்ளாட்டை விற்று வேலையை முடித்தார்கள். இரண்டாம் முறை மைதானத்தில் கார் நேராக நின்றது. துருவைச் சுரண்டிய பிறகு சேஸ் நம்பரும் தெரிந்தது. அது மொத்தமாக அழிந்திருந்தால் அலைச்சல் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பழைய கார் வாங்க நினைக்கிற குடும்பங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 13, 14 வயதுக் கார்கள் நிறைய விற்பனைக்கு வருவது சும்மா இல்லை. 15-ம் வருடச் செலவு தன் தலையில் விழுவதற்குள் கைமாற்றிவிடப் பலர் பார்க்கிறார்கள். விலை மலிவு என்று வாங்குபவர், ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதிவரை என்று முதலில் பார்க்கட்டும். பிறகு மேட்டைத் தூக்கித் தரையைப் பார்க்கட்டும். டயரின் பக்கச்சுவரில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் ஓடாத காரில் பட்டன் தேயாது, ரப்பர்தான் சாகும். "மீட்டர் கம்மி" என்று சொல்லி விற்பவரிடம், எங்கே நின்றது என்று கேட்பது நல்லது. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த கார், கொட்டகையில் தூங்கிய காரைவிட நம்பகமானது. டவுனில் டாக்ஸியாக ஓடிய சின்னக் காரை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஓட்டம் அதிகம்தான், ஆனால் அது எஃப்.சி. பார்த்த வண்டி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அண்ணன் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். குட்டியானை எஃப்.சி. வேலைக்குப் பட்டறை ஏறுகிற வாரமே காரும் ஏறும். அரசாங்கம் கேட்காத எஃப்.சி. என்று ஊரில் கிண்டல் செய்கிறார்கள். 2023-ல் ஒரு விளக்கு பல்பு தவிர ஒன்றும் இல்லை. 700 ரூபாயோடு முடிந்தது. 2024-ல் எலி கடித்த வயர், பிரேக் ஆயில் மாற்றம். 2025-ல் ஸ்டியரிங் பக்கம் ஒரு மூட்டு ஆட்டம் கொடுத்தது, மாற்றினார்கள். மூன்று வருடமும் சேர்த்து 8,000 ரூபாய்க்குள்தான். வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்கு அதில் போய் வருகிறார். குறைந்தது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால்தான் பேட்டரியும் பிரேக்கும் சோம்பாமல் இருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். புகைச் சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் எடுப்பது மனைவியின் பொறுப்பு. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார்.

2027-ல் மறுபடி மைதானத்துக்குப் போக வேண்டும். அதற்குள் காருக்கு 20 வயது ஆகிவிடும். 20 வயது தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். அப்போது வைத்துக்கொள்வதா, விடுவதா என்று அண்ணன் இன்னும் முடிவு செய்யவில்லை. பேத்திக்கு அந்தக் காரின் ஹாரன் சத்தம் பிடிக்கும்.

போன மாதம் முருங்கைக்குப் பொட்டாஷ் வாங்கச் சங்கத்துக்குக் காரில் போனார். மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைக்கப் போனவரை, முன் இருக்கையில் இருந்த மனைவி இறங்கி வந்து தடுத்துவிட்டார். தம்பி மார்க்கெட்டில் இருந்து காலி வண்டியோடு திரும்பும்வரை, ஒன்றரை மணி நேரம் சங்கத்து வாசலில் மூட்டையோடு இருவரும் காத்திருந்தார்கள்.