ஒரு சின்னச் சொல்லில் நிற்கும் வழக்கு

நசரத்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கும் நாங்கள் எல்லோரும் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பூந்தமல்லி, மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள். எந்த வேலைக்கான நேர்காணலிலும் ஆங்கிலம் வாசலில் நிற்கிறது. அதில் எங்களை மடக்குவது பெரிய சொற்கள் அல்ல, வினைச்சொல்லை ஒட்டி வரும் டு, ஃப்ரம், அபவுட், அகெய்ன்ஸ்ட் போன்ற சின்னச் சொற்கள்தான்.

இது அறிவுக் குறைவு அல்ல. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்கின்றன. 'சாதியைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைப்பவர் 'டிஸ்கஸ்டு அபவுட் காஸ்ட்' என்று எழுதுவது இயல்பு. ஆனால் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிடுகிறது. 'டிஸ்கஸ்டு காஸ்ட்' போதும். 'கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுத்தார்கள்' என்பதற்கு 'ப்ரிவென்டட் அஸ் டு என்டர்' சரியல்ல. 'ப்ரிவென்டட் அஸ் ஃப்ரம் என்டரிங்' என்று எழுத வேண்டும். ஃப்ரம் வந்தால் அடுத்த வினை 'இங்' வாங்கும்.

சில இடங்களில் சின்னச் சொல் அரசியலையே மாற்றும். 'டிஸ்கிரிமினேட் பிட்வீன்' என்றால் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது. 'டிஸ்கிரிமினேட் அகெய்ன்ஸ்ட்' என்றால் ஒருவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருப்பது 'அகெய்ன்ஸ்ட்'. யார் பாதிக்கப்பட்டார் என்பதை அந்தச் சொல்தான் காட்டுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். 1989இல் வந்த அந்தச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'ஆன் தி கிரவுண்ட் தட்', அதாவது 'என்ற காரணத்தால்', நடந்திருந்தால் ஆயுள் தண்டனை என்றது. 2006இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சிறுமி மீதான பாலியல் வன்கொடுமையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், சாதியின் காரணமாகவே நடந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று இந்தப் பிரிவின் தண்டனையை மட்டும் நீக்கியது.

2015 திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு 'நோயிங் தட்', அதாவது 'என்று தெரிந்தே', என்று வைத்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. குற்றவாளியின் மனதில் இருந்த காரணத்தை இனி நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அவருக்கு நம் சாதி தெரியும் என்பது போதும். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ அவர் நேரில் அறிந்தவர் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு.

புகாரைத் தமிழிலேயே தரலாம். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகும்போது வழக்கின் மொழி ஆங்கிலம். எனவே தோழர்களே, புகார் எழுதும்போது 'எங்கள் தெருவும் சாதியும் அவருக்குத் தெரியும், இத்தனை ஆண்டாகப் பழக்கம்' என்ற வரியை விடாதீர்கள். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தத் 'தெரியும்' அப்படியே போகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அதற்காகவும்தான் இந்தச் சின்னச் சொற்களைப் படிக்கிறோம்.

ஜெய்பீம்.